பாழடைந்த உருக்காலை: யாருக்குச் சாகசம், யாருக்குச் சாவு?

சென்ற மாதம் என் சித்தப்பா மகன் ஒரு காணொளி அனுப்பினான். அமெரிக்காவில் மூடிக் கிடக்கும் ஓர் உருக்காலை. முதுகில் பை, நெற்றியில் விளக்கு, கையில் கேமரா என்று நான்கு இளைஞர்கள் கம்பிவேலியின் கிழிசல் வழியாக உள்ளே நுழைகிறார்கள். துருப்பிடித்த ஏணிகள், செடி முளைத்த தண்டவாளம், கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெளிச்சம், பின்னணியில் மனதை இழுக்கும் இசை. "அக்கா, நம்ம பக்கம் இப்படி ஒரு இடம் இருந்தா சொல்லு, போலாம்" என்று கீழே எழுதியிருந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது அதே காணொளியைச் சித்தப்பாவிடம் காட்டினேன். வட சென்னையில் ஒரு காயலான் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கேஸ் கட்டிங் செய்தவர் அவர். பழைய கொதிகலன், டேங்கர், ஆலைகளிலிருந்து ஏலத்தில் வரும் இரும்பு என்று எது வந்தாலும் வெட்டித் துண்டாக்கியவர். காலியானது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு மூடிய டிரம்மில் நெருப்பு வைத்தபோது அது வெடித்து அவருக்கு இடது கண் போயிற்று. கடை முதலாளி மருத்துவச் செலவில் பாதியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வேலை கொடுக்கவில்லை.

அந்த இசையும் வெளிச்சமும் சித்தப்பாவின் கவனத்தில் விழவே இல்லை. ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒரு பெரிய இரும்புத் தொட்டியின் துளைக்குள் ஒரு பையன் தலையை விட்டு எட்டிப் பார்க்கிறான். "மூடிக் கெடந்த டேங்குக்குள்ள எதுக்கும்மா தலைய வுடுறான்? இவனுக்கு யாரும் சொல்லித் தரலியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரித்துப் பார்க்க விரும்புகிறேன். பாழடைந்த உருக்காலையில் என்ன ஆபத்து இருக்கிறது? அது எப்போது தொடங்கியது? அதை அறிந்தவர்கள் யார், அறியாமலே இருக்க முடிந்தவர்கள் யார்?

சித்தப்பா கண்ட ஆபத்து

ஆலை மூடப்பட்டால் ஆபத்தும் நின்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். உலை அணைந்துவிட்டது, இயந்திரம் சுழலவில்லை, இனி என்ன நடந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் ஆலை ஓடியபோது ஆபத்தை அடக்கி வைக்க ஆட்கள் இருந்தார்கள். வால்வை மூட ஒருவர், வாயுவை அளக்க ஒருவர், துரு ஏறிய தகட்டை மாற்ற ஒருவர். மூடியபின் ஆட்கள் போய்விட்டார்கள், ஆபத்து அங்கேயே தங்கிவிட்டது.

முதலில் அந்தத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். இரும்பு துருப்பிடிப்பது என்றால் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சுவது என்று பொருள். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஈரம் கசியும் இரும்புத் தொட்டி பல மாதங்கள் மூடியே கிடந்தால் உள்ளிருக்கும் ஆக்சிஜனை அதன் சுவரே தின்றுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. 19.5க்குக் கீழே போனாலே அந்த இடத்தை ஆபத்தானது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. 10க்கும் கீழே போனால் மனிதர் மிக விரைவில் நினைவிழப்பார். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சுத் திணறலும் முன்னறிவிப்பாக வராது. எட்டிப் பார்த்தவர் அப்படியே சரிந்து உள்ளே விழுவார்.

அடுத்து நடப்பது இன்னும் கொடுமையானது. விழுந்தவரைத் தூக்க நண்பர் இறங்குவார். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. நமக்கு இது புதிய செய்தியே இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய ஒருவர், அவரைத் தூக்கப் போன அண்ணன், அவரையும் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே நாளில் மூன்று உடல்களை வாங்கிக்கொண்டு வந்த தெருக்கள் நம்முடையவை. உருக்காலைத் தொட்டியும் மலக்குழியும் கொல்லும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழிகளில் தேங்கிய சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நொடிதான் மிக மோசமான நொடி. ஊது உலையின் வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமே கிடையாது. மூடும்போது குழாய்களை முறையாகக் காலி செய்திருந்தால் அது வெளியேறியிருக்கும். காலி செய்தார்களா இல்லையா என்பது வேலிக்கு வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது.

அடுத்தவை மெதுவாகக் கொல்பவை. சூடான குழாய்களுக்கும் உலைகளுக்கும் சுற்றிய கல்நார் மழையிலும் வெயிலிலும் நைந்து தூளாகித் தரையில் கிடக்கும். காலடி பட்டால் பறக்கும். இன்று மூச்சில் போன இழை 20, 30, சில சமயம் 40 ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறையில் புற்றாக வரலாம். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பிசிபி எனப்படும் நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். கோக் அடுப்புகள் இருந்த மண்ணில் பென்சீனும் தாரும் ஊறியிருக்கும். உருகிய இரும்பின் மட்டத்தை அளக்க சில ஆலைகளில் கதிரியக்க மூலம் வைத்த கருவிகளைப் பயன்படுத்துவார்கள். கணக்கில் எடுத்து அகற்றாமல் விட்டால் அவையும் பழைய இரும்போடு பழைய இரும்பாகக் கிடக்கும்.

இவற்றோடு, கண்ணுக்குத் தெரிந்தும் நம்மை ஏமாற்றும் ஆபத்துகள் உண்டு. உயரத்தில் இருக்கும் நடைபாதைத் தகடு மேலே பார்க்கக் கெட்டியாக இருக்கும், அடிப்பக்கம் முழுவதும் துரு தின்றிருக்கும். மழைநீர் நிறைந்து பாசி படர்ந்த ஆழமான குழி தரையைப் போலவே தெரியும்.

சித்தப்பாவுக்கு இந்த வேதிப்பெயர்கள் தெரியாது. ஆனால் எந்தத் தொட்டியைத் திறந்து ஒரு நாள் காற்றாட விட வேண்டும், எந்தப் பூச்சைச் சுரண்டாமல் நெருப்பு வைக்கக் கூடாது, எந்தத் தகட்டில் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரியும். வேலையிலிருந்தும், பக்கத்தில் வேலை செய்தவர்களின் சாவிலிருந்தும் வந்த அறிவு அது. நம் பல்கலைக்கழகங்கள் இதை அறிவு என்று கணக்கில் எடுப்பதில்லை.

ஆபத்து எப்போது தொடங்கியது?

இந்த ஆபத்துகளைப் பட்டியலிட்டு "கவனமாக இருங்கள் இளைஞர்களே" என்று முடித்துவிடலாம். பாதுகாப்புக் கையேடுகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் அப்படி முடித்தால் ஒரு பொய்க்குத் துணை போனதாகிவிடும். ஆலை கைவிடப்பட்ட பிறகுதான் ஆபத்து வந்தது என்பதே அந்தப் பொய்.

மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரத்துக்கு அருகே, கடல் வளைகுடாவை ஒட்டி ஸ்பாரோஸ் பாயின்ட் என்ற இடம் இருக்கிறது. 1887இல் பென்சில்வேனியா ஸ்டீல் நிறுவனம் அங்கே நிலம் வாங்கி ஆலை கட்டத் தொடங்கியது. 1916இல் அது பெத்லஹேம் ஸ்டீலின் கைக்குப் போனது. 1950களின் இறுதியில் உலகின் மிகப் பெரிய உருக்காலை அதுதான். ஏறத்தாழ 30,000 பேர் வேலை செய்தார்கள்.

நிறுவனமே அங்கே ஓர் ஊரையும் கட்டியது. தெருக்களுக்கு ஆங்கில எழுத்துகளை வரிசையாகப் பெயராக வைத்தார்கள். வரிசையின் தொடக்கத் தெருக்களில் மேலாளர்களும் மேலதிகாரிகளும். அடுத்த தெருக்களில் வெள்ளையின மேற்பார்வையாளர்களும் திறன் தொழிலாளர்களும். கடைசித் தெருக்களில், ஓர் ஓடையைத் தாண்டி, கறுப்பினத் தொழிலாளர்கள். தெருவின் எழுத்தைச் சொன்னால் போதும், அங்கே குடியிருப்பவரின் நிறமும் வேலையும் கூலியும் தெரிந்துவிடும். இதைப் படிக்கும்போது நம் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஊரும் சேரியும், நடுவில் ஓர் ஓடை.

ஊருக்குள் இருந்த கோடு ஆலைக்குள்ளும் ஓடியது. அமெரிக்க உருக்காலைகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கோக் அடுப்பு, ஊது உலை, கூலியாள் பிரிவு போன்ற வெப்பமும் புகையும் அழுக்கும் மிகுந்த இடங்களுக்கே அனுப்பப்பட்டார்கள். கறுப்பு உடல் வெப்பத்தைத் தாங்கும் என்று மேலாளர்கள் வெளிப்படையாகவே காரணம் சொன்னார்கள். பணிமூப்பு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது. கோக் அடுப்பில் இருபது ஆண்டு வேலை செய்தவர் நல்ல பிரிவுக்கு மாற விரும்பினால் இருபது ஆண்டு மூப்பையும் இழந்து கடைசி ஆளாகச் சேர வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது, விரும்பினால் போகலாம் என்று சொல்லிக்கொண்டே கதவை மூடி வைக்கும் ஏற்பாடு இது.

விளைவு உடலில் தெரிந்தது. பென்சில்வேனியாவின் அலெகெனி மாவட்ட உருக்குத் தொழிலாளர்களைப் பற்றி வில்லியம் லாயிட் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கோக் அடுப்புகளின் மேல்தளத்தில் முழுநேரமாக ஐந்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்று அதில் தெரியவந்தது. அந்த மேல்தளத்தில் யார் நிறுத்தப்பட்டிருந்தார்கள்? மிகப் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். தோலின் நிறத்தில் நோய் இல்லை, அந்த நிறத்தைக் காட்டி நிறுத்திய இடத்தில்தான் நோய் இருந்தது. கோக் அடுப்புப் புகைக்கு அமெரிக்க அரசு தனி வரையறை கொண்டுவந்தது 1976இல்தான்.

1974இல் ஒன்பது உருக்கு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆலை முழுவதற்கும் ஒரே பணிமூப்பு, இழந்த கூலிக்காக ஏறத்தாழ 3 கோடி டாலர் இழப்பீடு. அந்தத் தொகையைப் பத்தாயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குப் பிரித்தால் ஒரு வாழ்நாள் அநீதிக்கு ஆளுக்குச் சில நூறு டாலர்தான் தேறும். கதவு உண்மையிலேயே திறந்து சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க உருக்குத் தொழிலே சரியத் தொடங்கியது. நல்ல வேலைக்கான படியில் கறுப்பினத்தவர் கால் வைத்தபோது அந்தப் படியே இல்லாமல் போனது.

நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டுக்கும் வரலாறு வேறு, நியாயப்படுத்தும் நூல்கள் வேறு. ஆனால் பிறப்பைப் பார்த்து ஆபத்தைப் பங்கிடும் முறை ஒன்றாக இருக்கிறது. சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். பத்து ஆண்டு கழித்து, 1946இல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி அவர்கள் ஐ.நா.வுக்கு அளிக்கும் மனுவைப் பற்றிக் கேட்டதும் அவர்தான். ஓடைக்கு அப்பால் இருந்த அந்தக் கடைசித் தெருக்கள் நமக்கு அந்நியமானவை அல்ல.

கைவிடப்பட்டது எது?

1970களில் அந்த ஊர் முழுவதையும் இடித்தார்கள். அந்த இடத்தில் ஒரு மாபெரும் ஊது உலை வந்தது. 2001இல் பெத்லஹேம் ஸ்டீல் திவால் அறிவித்தது. 2003இல் அதன் சொத்துகள் விற்கப்பட்டன. அந்த ஆண்டு ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமாக ஏறத்தாழ 95,000 பேர் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டை இழந்தார்கள். கல்நார் இழை நுரையீரலில் முப்பது ஆண்டு காத்திருக்கும். நிறுவனம் அதுவரை காத்திருக்கவில்லை.

பிறகு ஆலை கை மாறி மாறிப் போய் 2012இல் நிரந்தரமாக நின்றது. கடைசியில் மிச்சமிருந்த ஏறத்தாழ 2,000 பேரும் வேலை இழந்தார்கள். 2015 ஜனவரியில் அந்த ஊது உலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் இன்று பெரிய இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகள் நிற்கின்றன. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த நஞ்சைப் பற்றி 1997லேயே அரசோடு நீதிமன்ற உடன்பாடு ஏற்பட்டிருந்தது. கோக் அடுப்புகள் இருந்த முனையில் பென்சீனும் நாப்தலீனும் கரையைத் தாண்டி நீரடிச் சேறுவரை போயிருந்தன. 2014இல் நிலத்தை வாங்கிய நிறுவனம் துப்புரவுக்கென 4.8 கோடி டாலரை ஒதுக்க ஒப்புக்கொண்டது. நிலத்துக்கு ஒரு தொகை எழுதப்பட்டது. அந்த நிலத்தில் வேலை செய்த நுரையீரல்களுக்கு அப்படி ஒரு வரியும் எழுதப்படவில்லை.

ஆலைக்கு அருகில் டர்னர் ஸ்டேஷன் என்ற கறுப்பினக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. ஹென்ரியட்டா லாக்ஸ் குடும்பத்தோடு வாழ்ந்தது அங்கேதான். அவர் கணவருக்கு வேலை ஸ்பாரோஸ் பாயின்ட் ஆலையில். 1951இல் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டாவின் உடலிலிருந்து அவர் அனுமதியின்றி எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலக ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் நோய்க்கு ஆலை காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே தெருவில் கணவரின் உழைப்பும் மனைவியின் உடலும் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டன என்பதை மட்டும் சொல்கிறேன்.

'கைவிடப்பட்ட ஆலை' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கட்டடம் உண்மையில் கைவிடப்படவில்லை. இரும்பு விற்கப்பட்டது, செம்பு விற்கப்பட்டது, நிலம் விற்கப்பட்டது. கைவிடப்பட்டவர்கள் அதில் வேலை செய்த மனிதர்கள்.

ஒரே வேலி, இரண்டு பெயர்

இப்போது அந்தக் காணொளிக்குத் திரும்புவோம். வேலியைத் தாண்டி கேமராவோடு போகிறவரை 'நகர்ப்புற ஆய்வாளர்' என்கிறார்கள். அதே வேலியைத் தாண்டி செம்புக் கம்பி பொறுக்கப் போகிறவரைத் 'திருடன்' என்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். அபராதம், அடி, வழக்கு ஒன்றல்ல. முதலாமவர் இறந்தால் துயரச் செய்தி, இரண்டாமவர் இறந்தால் காவல் நிலையக் குறிப்பு. முதலாமவர் ஒருமுறை போய் வருகிறார். இரண்டாமவர் நாளையும் போக வேண்டும்.

அந்தப் படங்களின் அழகை நான் மறுக்கவில்லை. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மனிதர் இல்லாத இடமாகக் காட்டப்படுவதால்தான் அந்த இடம் அழகாக இருக்கிறது. ஆணியில் தொங்கும் ஒரு பழைய தலைக்கவசத்தைக் கேமரா நெருங்கிப் பார்க்கிறது. அது யாருடையது, எந்தத் தெருவிலிருந்து வந்தவருடையது, அவர் எதனால் இறந்தார் என்று கேட்பதில்லை. நம் அக்ரகாரத்துப் பழைய வீடுகளையும் ஜமீன் பங்களாக்களையும் மென்மையான இசையோடு படம் பிடிப்பவர்கள் அவற்றின் பின்கட்டுக்கு யார் எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்காததைப் போலத்தான் இதுவும்.

இந்தியாவில் இந்த ஆபத்து எந்தத் திசையில் நகரும் என்பதற்கு 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது போதுமான சாட்சி. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1980களின் நடுவிலிருந்து பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரியின் காயலான் கடைகளில் அதை உடைத்துப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், மேலும் ஏழு பேர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஏலக் கோப்பு பல கைகளைத் தாண்டிப் போயிருக்கும். அவற்றில் ஒன்றுகூட எரியவில்லை. கடைசியில் சுத்தியலைப் பிடித்த கைதான் எரிந்தது.

பழைய இரும்பைப் பொறுக்குவது, பிரிப்பது, வெட்டுவது ஆகிய வேலைகளில் நம் நாட்டில் யார் அதிகம் இருக்கிறார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சிறுவயதில் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்ற குரல் தெருவில் கேட்டதும் வீட்டுக்குள் ஓடி உடைந்த சாமானைத் தேடியிருப்போம். அந்த வண்டியைத் தள்ளி வந்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சமூகம் தான் தூக்கி எறிந்ததைத் தொடும் வேலையைச் சிலருக்கென்று ஒதுக்கிவிட்டு, அதைத் தொட்டதற்காக அவர்களையே ஒதுக்கவும் செய்கிறது. மலக்குழியில் மனிதரை இறக்கத் தடை விதிக்கும் சட்டம் 2013இல் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. சட்டத்தில் ஓட்டை இருப்பது ஒரு காரணம். இறங்குபவர் யார் என்பதைப் பற்றி யாருக்கும் வியப்பு ஏற்படாதது பெரிய காரணம்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பூட்டிய ஆலைக்குள் நுழையாதீர்கள். இது பயமுறுத்தல் அல்ல, வேலை தெரிந்தவர் சொல்லும் அறிவுரை. நண்பர் ஒரு தொட்டியிலோ குழியிலோ விழுந்தால் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையை 101இல் அல்லது 112இல் அழைத்து, மூச்சுக் கருவியோடு வரச் சொல்லுங்கள். உருக்காலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. பிட்ஸ்பர்க் அருகே ரேன்கினில் கேரி ஊது உலைகள் கைவிடப்பட்டுக் கிடந்தபோது 1990களின் இறுதியில் சில கலைஞர்கள் அனுமதியின்றி உள்ளே போய் அங்கிருந்த குழாய்களையும் கம்பிகளையும் கொண்டே ஒரு பெரிய மான்தலைச் சிற்பம் செய்தார்கள். 2006இல் அந்த உலைகள் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. இன்று முறையான பாதை, பாதுகாப்பு ஏற்பாடு, வழிகாட்டியோடு மக்கள் அங்கே போகிறார்கள். சில சமயம் அங்கே வேலை செய்தவர்களே வழிகாட்டுகிறார்கள். கட்டடத்தைப் பற்றிச் சொல்லும் உரிமை வேலை செய்தவருக்குக் கிடைத்தால் அந்த இடத்தின் கதையே மாறிவிடும்.

அரசிடமும் நிறுவனங்களிடமும் நாம் கேட்க வேண்டியது இன்னும் பெரிது.

போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவர் அந்த ஆபத்தைப் பற்றித் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அதில் வந்தது. ஆனால் அந்தச் சிந்தனை ஓடும் ஆலையை மனதில் வைத்தது. ஓடி நின்ற ஆலைக்கும் அது வேண்டும். ஓர் ஆலையை மூடும் முன் எந்தத் தொட்டியில் என்ன இருந்தது, எங்கே கல்நார், எந்தக் கருவியில் கதிரியக்கம், எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்ற பதிவேட்டை அந்தந்த வட்டார மொழியில் பொதுவில் வைக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் குழுவில் அங்கே வேலை செய்த நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்க வேண்டும். எந்த வால்வு கசியும் என்று வரைபடத்தைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

நிலத்தைத் துப்புரவு செய்யப் பணம் ஒதுக்குவதைப் போல, அங்கே வேலை செய்தவர்களின் உடலுக்கும் ஒதுக்க வேண்டும். நோய் முப்பது ஆண்டு கழித்து வருமானால் மருத்துவக் கண்காணிப்பும் முப்பது ஆண்டு நீடிக்க வேண்டும். நிறுவனம் விற்கப்பட்டால் அந்தக் கடனும் வாங்குபவரோடு போக வேண்டும்.

ஏலத்தில் வரும் ஒவ்வோர் ஆலைப் பொருளோடும் அது காலி செய்யப்பட்டது, நச்சு நீக்கப்பட்டது என்று கையெழுத்திட்ட சான்று வர வேண்டும். விற்றவரின் பொறுப்பு பணம் வாங்கியதோடு முடியக் கூடாது. காயலான் கடைகளில் வெட்டும் தொழிலாளர்களுக்குப் பதிவு, காப்பீடு, முகக்கவசம், வாயு அளக்கும் கருவி வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

ஆய்வு மாணவியாக என் துறையினரிடமும் ஒன்று கேட்கிறேன். மூடிய ஆலைகளைப் பற்றி எழுதும்போது உற்பத்தி எத்தனை டன் என்று எழுதுகிறோம். எந்தப் பிரிவில் எந்தச் சாதியினர் நிறுத்தப்பட்டார்கள் என்று பதிவு செய்கிறோமா? அமெரிக்க ஆய்வாளர் மேல்தளத்தில் நின்றவர்களைத் தனியாக எண்ணியதால்தான் அந்தப் பத்து மடங்கு வெளியே வந்தது. மொத்தத் தொழிலாளர்களோடு சேர்த்து எண்ணியிருந்தால் அது மறைந்தே போயிருக்கும். எண்ணாத இடத்தில் அநீதி பத்திரமாக இருக்கும். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று நாம் கேட்பதும் இதற்காகத்தான். அந்தக் கணக்கு தொழிற்சாலைக்குள்ளும், தொழில்நோய்ப் பதிவேட்டுக்குள்ளும் போக வேண்டும்.

அன்று சித்தப்பா வீட்டில் தம்பியும் உட்கார்ந்திருந்தான். தொட்டிக்குள் தலையை விடக் கூடாது என்பதை அப்பா விளக்கியபோது அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. அந்த டிரம் வெடித்த நாளைப் பற்றி அவன் அதுவரை அப்பாவிடம் எதுவும் கேட்டதில்லையாம். அவரும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியான வேலையா அது என்று நினைத்திருக்கிறார். அன்றிரவு ஒன்றரை மணி நேரம் பேசினார். எந்த இரும்பு எந்தச் சத்தம் போடும், எந்தப் பூச்சு எரிந்தால் வாயில் இனிப்பாக இருக்கும், அந்த இனிப்புக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றெல்லாம் சொன்னார்.

தம்பி தன் கைபேசியில் அதைப் பதிவு செய்தான். அதற்குப் பின்னணி இசை எதுவும் போடவில்லை.